கிரகணத்தில் எண்ணிய குரல்

மாட்டுப்பொங்கல் அன்று நண்பகலில் வளையச் சூரிய கிரகணம் வந்த வருடம் அது. துறைமுகத்தில் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் ஓர் அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். பொங்கலுக்கு மூன்று வாரம் முன்பு இத்தாலியிலிருந்து ஐந்து மரப்பெட்டிகள் வந்தன. உள்ளே தொலைநோக்கிகள். கிரகணம் முடிந்ததும் இங்குள்ள கல்லூரிகளுக்கு அவற்றைக் கொடுத்துவிடுவதாகக் கூட வந்த கடிதம் சொன்னது.

பெட்டிகளுக்கு உரியவர் பின்னால் விமானத்தில் வந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். முதுகு வளையாத நெட்டை மனிதர். பிரபு குடும்பம். இருபது வருடம் ராணுவத்தில் அதிகாரியாக இருந்துவிட்டு, பிறகு பரம்பரைச் சொத்தை வானியலுக்கே செலவழித்தவர். மாளிகையின் ஒரு பகுதியை வானாய்வுக் கூடமாக்கி, கிரகணம் தெரியும் நாடுகளுக்கெல்லாம் கருவிகளோடு போய்க்கொண்டிருந்தார். இதில் எதையும் அவர் வாயால் சொல்லவில்லை. சுங்கத்துக்காகப் பெட்டிகளோடு வந்த காகிதங்களில் இருந்தது.

அவரோடு ஆங்கிலத்தில் பேச ஓர் ஆள் வேண்டும் என்று, விடுமுறை நாளிலும் முதலாளி என்னை அனுப்பினார். "கிரகணத்துல வெளிய நிக்காதலே," என்று அம்மா வாசல்வரை வந்து சொன்னாள்.

தருவைகுளம் போகும் வழியில் ஓர் உப்பளத்தை அவர் தேர்ந்தெடுத்திருந்தார். மழை முடிந்து பாத்திகளைச் சரிசெய்யும் காலம். பண்டிகை என்பதால் ஆட்கள் இல்லை. காவலாளியின் மனைவி மட்டும் ஓலைக் கொட்டகைக்குள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கருவியைப் பொருத்தியதும் அவர் ஒரு கடிகாரத்தை என் கையில் கொடுத்தார்.

"வளையம் ஏறக்குறைய பத்து நிமிடம் நிற்கும். தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு விநாடியையும் சத்தமாக எண்ண வேண்டும். நிறுத்தக் கூடாது."

"கருவியிலேயே நேரம் பதிவாகுமே, சார்?"

"ஆகும். ஆனால் எனக்கு ஒரு குரல் வேண்டும்."

ஒரு மணிக்கு மேல் வெயில் மாறத் தொடங்கியது. சாயங்காலம்போலச் சிவக்கவில்லை. சூட்டை மட்டும் யாரோ உருவி எடுத்துவிட்டதுபோல வெளிறிப்போனது. என் கையின் நிழலில் ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாகத் தெரிந்தது. பாத்தி ஓரத்தில் ஓடித் திரிந்த உள்ளான் குருவிகள் நின்ற இடத்தில் நின்றன. கொட்டகைக்குள் ஓலைச் சந்து வழியே விழுந்த வெளிச்சம் தரையெங்கும் சின்னச் சின்ன வளையங்களாகக் கிடந்தது. அந்தப் பெண் அவற்றின்மேல் படாமல் காலை இழுத்துக்கொண்டாள்.

அவர் கையை உயர்த்தினார். நான் ஆங்கிலத்தில் எண்ணத் தொடங்கினேன்.

இருநூறை நெருங்கும்போது எனக்குப் பின்னால் இன்னொரு குரலும் எண்ணுவது கேட்டது. தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. நான் ஓர் எண்ணைச் சொல்லி முடித்ததும் அரை மூச்சு தள்ளி அதுவும் சொன்னது. எதிரொலி என்றுதான் முதலில் நினைத்தேன். எதிரொலிக்க அந்தப் பொட்டலில் ஒரு சுவர்கூடக் கிடையாது.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. குரல் வந்த பக்கம் இரண்டு எட்டு வைத்தேன். நான் எண்ணுவதை நிறுத்திவிட்டது எனக்கே தெரியவில்லை. குரல் மட்டும் நிதானமாக எண்ணிக்கொண்டே போனது. அடுத்த எட்டில் காலுக்கடியில் மண் சரிந்தது. உப்புத் தண்ணீர் இறைக்கிற பழைய கிணறு, கைப்பிடிச்சுவர் இல்லாதது. அதே நொடியில் யாரோ என் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள்.

அவர்தான். வேகமாக வந்ததில் மூச்சு வாங்கியது. இப்போது குரல் இல்லை.

"சார், இன்னும் பாதி நேரம் இருக்கு. போய்ப் பாருங்க."

அவர் போகவில்லை. வளையம் உடைந்து வெயில் பழையபடி வரும்வரை என் மணிக்கட்டை விடவும் இல்லை. தலைக்குமேல் நின்ற சூரியனை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பெட்டியின்மேல் உட்கார்ந்து சொன்னார். இளம் வயதில் அவர் மலைப்படையில் கேப்டன். முழுக் கிரகணம் ஒன்றைப் பார்ப்பதற்காகத் தன் வீரன் ஒருவனைக் கருவி தூக்கச் சொல்லிப் பனிமலை விளிம்புக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ராணுவ வேலை அல்ல, அவருடைய சொந்த ஆசை. விநாடிகளை எண்ணும் வேலை அந்த வீரனுக்கு. பாதியில் எண்ணுவது நின்றது. பனி சறுக்கும் சத்தமும் காதில் விழுந்தது.

"சூரியன் முழுதாக மறைந்திருந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை. வெளிச்சம் வந்த பிறகுதான் திரும்பினேன். விளிம்பில் அவன் இல்லை."

நான் கடிகாரத்தை அவர் பக்கத்தில் பெட்டியின்மேல் வைத்தேன்.

"இத்தனை நாடுகளுக்குப் போனேன். எண்ணுகிற எவரும் நிறுத்தியதில்லை. இன்று நீ நிறுத்தினாய்," என்றவர் குரலைத் தாழ்த்தி, "இன்று அவன் நிறுத்தவில்லை," என்றார்.

கருவியைப் பிரித்து வண்டியில் ஏற்றும்போது காவலாளியின் மனைவி என்னிடம் வந்தாள்.

"தம்பி, நீ எண்ணும்போது கூட எண்ணுனது யாரு? அந்தத் தொரையா?"

"அவரு வாயே தெறக்கலையே."

"பெறவு யாரு? எளவட்டக் கொரலால்லா கேட்டுச்சு?"

நான் கடைசிப் பெட்டியை வண்டிக்குள் தள்ளினேன். அவள் அந்தக் கிணற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்தபோது மணிக்கட்டில் நான்கு விரல் தடம் சிவந்திருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கவனக்குறைவால் தானே தவறி விழுந்தான் என்றுதான் அந்த வீரனைப் பற்றி அந்தக் காலத்தில் அறிக்கை எழுதியிருந்தாராம். இப்போது அவனுடைய ஊருக்குப் போயிருக்கிறார். பெற்றோர் இல்லை. ஒரு தங்கை மட்டும் இருந்தாள், அவளுக்கும் தலை நரைத்திருந்தது. வாசலில் நின்றபடியே அவளிடம் நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறார்.

"அவள் என்னை உள்ளே கூப்பிடவில்லை," என்று எழுதியிருந்தார். "கதவைச் சாத்தவும் இல்லை. நான் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டாள்."