வியாழக்கிழமைத் தண்ணீர்

ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம் உள்ளே வந்தால் எங்கள் ஊராட்சி. அதை நகராட்சியோடு சேர்க்கப்போவதாக முடிவானதும் ஊரைப் பற்றி ஒரு விவர அறிக்கை கேட்டார்கள். எத்தனை வீடு, எத்தனை கழிப்பறை, எத்தனை தெருவிளக்கு, அதில் எத்தனை எரிகிறது. எழுத ஆள் வேண்டும். மேட்டுத் தெருவின் முதல் பட்டதாரி நான். பொது நிர்வாகம் படித்துவிட்டு இரண்டு வருடமாக எதையும் நிர்வகிக்காமல் இருந்தேன். மூன்று மாத ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

அறிக்கையின் ஏழாவது பகுதி குடிநீர். அதற்காகத்தான் கண்ணாயிரம் மாமாவிடம் போனேன்.

அவர் டேங்க் ஆபரேட்டர். பத்தொன்பது வருடமாகத் தினக்கூலி. விடிந்ததும் மேல்நிலைத் தொட்டியடியில் சைக்கிளை நிறுத்துவார். நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி வைத்திருப்பார். அதைக் குழிக்குள் விட்டுத் திருகினால் ஒரு தெருவுக்குத் தண்ணீர் போகும். ஆறு தெருவுக்கு ஆறு வால்வு. எந்த வால்வுக்கு எத்தனை சுற்று, எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, எங்கே விருந்தாளி வந்திருக்கிறார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். காகிதத்தில்தான் ஒன்றும் இல்லை.

"எந்தத் தெருவுக்கு எப்போ மாமா?"

"அது அன்னன்னிக்குப் பாத்து வுடறது."

"கட்டத்துல அப்படி எழுத முடியாது."

"அப்போ கட்டத்த பெருசா போடு."

ஒரு விதியை மட்டும் தானாகச் சொன்னார். சாவு விழுந்த தெருவுக்குத்தான் அன்றைய தண்ணீர், முறை யாருடையதாக இருந்தாலும். 'இதர விவரங்கள்' என்ற கட்டத்தில் ஐம்பது எழுத்துக்கு மேல் ஏறவில்லை. விட்டுவிட்டேன்.

அட்டவணை அழகாக வந்தது. வியாழன் வில்லா நகர், வெள்ளி மேட்டுத் தெரு, ஞாயிறு தொட்டி கழுவ. ஊராட்சிச் செயலர் வாசுதேவன் அதை ஃப்ளெக்ஸில் அடித்து அலுவலக வாசலில் கட்டினார். கீழே சின்ன எழுத்தில் என் பெயர். அம்மா அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

வில்லா நகர்க்காரர்களும் படம் எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்க எங்கள் தொட்டிதான். பத்தொன்பது வருடம் புகாரே இல்லாதவர் மீது ஒரே மாதத்தில் இரண்டு புகார். ஒன்று இருபது நிமிடத் தாமதம், இன்னொன்று பதினைந்து. செயலர் அவரைக் கூப்பிட்டு, "நகராட்சிக்குப் போற பட்டியல்ல உம்பேரு கீது. மூணாவது வந்தா எடுத்துடுவாங்க" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை காலை எங்கள் தெருவில் ஆராயிப் பெரியம்மா இறந்துபோனாள். மாமா சாவியோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"டிகிரி, உன் பேப்பர்ல சாவுக்கு எடம் கீதா?"

"இல்ல மாமா."

"அப்போ மேட்டுத் தெருக்காரங்க வெள்ளிக்கெழம மட்டும் சாவணும்னு ஒரு வரி சேத்துடு."

"தொறக்காதீங்க. மூணாவது புகார் வந்துடும். தண்ணி லாரி சொல்லிக்கலாம்."

நன்றாகப் படித்தவள் பேச வேண்டியபடியே பேசினேன். அவர் சாவியைச் சைக்கிளில் சாய்த்து வைத்தார். "உங்கப்பன் போனப்போ நீ லாரி சொன்னியா?" என்று கேட்டுவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அப்பா போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. அதில்தான் அவரைக் குளிப்பாட்டினோம், நாங்களும் குளித்தோம். அது யாருடைய முறை என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

ஆறரை மணிக்கு எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் சீறியது. பத்து மணிக்கு வில்லா நகர்ச் சங்கச் செயலாளர் தீனதயாளன் அலுவலகத்தில் இருந்தார். மரியாதையானவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"நாங்க யாரையும் குறை சொல்லல. அட்டவணைய மதிக்கணும்னுதான் சொல்றோம். அதைப் போட்டவங்கள பாராட்டணும்."

செயலர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். மாமாவிடம் வாங்க வேண்டிய விளக்கக் கடிதத்தை நானே எழுத வேண்டும். மாமா கையெழுத்து மட்டும் போடுவார். வெளியே அவர் சாவியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றிருந்தார்.

நியாயமாகப் பார்த்தால் உண்மையை எழுதியிருக்க வேண்டும். அதற்குத்தான் என் அட்டவணையில் கட்டம் இல்லையே. 'அட்டவணை தயாரித்தபோது வியாழன், வெள்ளி ஆகிய நாள்களின் தெருக்களை என் கவனக்குறைவால் மாற்றிப் போட்டுவிட்டேன். ஆபரேட்டர் சரியாகவே திறந்துள்ளார்' என்று எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். என் படிப்பு எனக்கு வாங்கித் தந்த முதல் அரசு ஆவணம் அது.

தீனதயாளன் படித்தார். "மனுஷங்கன்னா தப்பு வரும். திருத்திட்டா சரி" என்றார். மாலைக்குள் ஃப்ளெக்ஸில் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். மறுநாள் வில்லா நகருக்குத் தண்ணீர் போனது. மாமாவின் பெயர் பட்டியலில் நின்றது. எனக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அனுபவச் சான்றிதழில் 'நன்னடத்தை உள்ளவர், கவனம் தேவை' என்று எழுதித் தந்தார்கள். நேர்காணல்களில் அதை நீட்டும்போது எந்த வரியை முதலில் படிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒப்பந்தம் முடிய நான்கு நாள் இருந்தபோது கோயில் தெருவில் ஒரு சாவு. அன்று சனிக்கிழமை, வேறு தெருவின் முறை. மாமா சைக்கிளில் வந்து ஒரு காலை ஊன்றி நின்றார்.

"இன்னா டிகிரி, இன்னும் எத்தினி தப்பு கைவசம் கீது?"

"நாலு நாள் இருக்கு மாமா. போய்த் தொறங்க."