ஒரே பெயர், ஒரே நம்பர்

எனக்கும் அவளுக்கும் ஒரே பெயர். அப்பாமாரின் பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்கியதால் முதலெழுத்தும் ஒன்றுதான். உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி அவள் வீடு. பள்ளிக்கூடத்தில் அவளை நெட்டை என்றும் என்னைக் கட்டை என்றும் பிரித்தார்கள். விண்ணப்பப் படிவத்திலும் அதை எழுத ஓரிடம் விட்டிருக்கலாம்.

படிப்பு முடிந்து இருவரும் வேலை தேடினோம். தேடியது இருவர், அடுக்கி வைத்தது நான் மட்டும். அவளுக்கு ஒரு காகிதத்தை வைத்த இடம் மறுநாள் தெரியாது. அதனால் அவளுடைய சான்றிதழ்களும் என் பைலில்தான் இருந்தன. என்னுடையது நீல மட்டை, அவளுடையது சிவப்பு. முடிவுத் திகதி எது, பதிவுத் தபால் துண்டு எங்கே, எல்லாம் என் பொறுப்பு. கடித உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயர் இல்லாவிட்டால் பிரித்தே பார்க்கமாட்டார்கள் என்று, அவளுடைய உறையிலும் நானே எழுதினேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை வந்தது. ஒரேயொரு இடம்; இருவருமே விண்ணப்பம் போடுவதென்று இருந்தோம். அது கிடைக்காவிட்டால் மருந்தும் மாத்திரையுமாய்க் கிடந்த வருத்தக்கார அம்மாவை விட்டுவிட்டுக் கொழும்பில் மாமாவின் துணிக்கடைக்கு நான் போக வேண்டும் என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து என் போன் செத்துப்போனது.

“என்ர நம்பரைப் போடடி. நீயும் நானும் வேறயோ?” என்றாள்.

போட்டேன். பிறகு காண்கிற நேரமெல்லாம் கேட்டேன், போன் வந்ததோ என்று.

“இல்லையடி. வந்தா சொல்லமாட்டனே?”

ஒரு நாள் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும் என்று சொல்லித் தன் பிறப்பு, படிப்புச் சான்றிதழ்களைக் கேட்டாள். மடங்கியிருந்த மூலையை நீவி, புது பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். விசரி நான், மூளையில்லாதவள்.

பொறுக்க ஏலாமல் பஸ் ஏறி அந்த அலுவலகத்துக்கே போனேன். முன்னால் கதிரையில் இருந்த ஐயா பெயரைக் கேட்டதும் சிரித்தார்.

“தங்கச்சி, அந்தப் பேரில ஆளைச் சான்றிதழெல்லாம் பாத்து எடுத்தாச்சே. திங்கட்கிழமை வேலைக்கு வாறா.”

“ஐயா, அது நானில்லை. நானும் போட்டனான்.”

அவர் முகம் மாறியது. “ஓம், ரெண்டு விண்ணப்பம் வந்தது. ஒரே பேர், ஒரே நம்பர். ஒராளே ரெண்டு தரம் போட்டிட்டுது எண்டு நினைச்சுப் போன் எடுத்தனான். ‘ரெண்டும் நீங்கள்தானே, ஒண்டை விடட்டோ?’ எண்டு கேட்டன். ‘ஓம், விடுங்கோ’ எண்டு அந்தப் பிள்ளைதான் சொன்னது.”

அடையாள அட்டை இலக்கம் வேறு, பிறந்த திகதி வேறு. பார்க்க அவருக்கு நேரமில்லை. சரி, அவருக்கு நான் யார்? இவளுக்கு நான் யார்?

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தவளிடம் ஐயா சொன்னதைச் சொன்னேன்.

“நான் என்ன பொய்யே சொன்னனான்? என்ர பேரைச் சொல்லிக் கேட்டவர், ஓம் எண்டன்.”

“ரெண்டும் நீங்கள்தானே எண்டும் கேட்டவர்.”

கொடியில் மாட்டிய கிளிப்பை எடுத்தாள், திரும்ப மாட்டினாள். “எனக்கும் வேலை வேணும்தானேயடி.”

நாசமாய்ப் போ என்று தொண்டை வரைக்கும் வந்தது. பாழாய்ப்போன அழுகை முந்திக்கொண்டது. திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கிராம சேவகர் தந்த நற்சான்றிதழ் உன்னட்டத்தானே இருக்கு? நாளைக்குக் கொண்டுபோகோணும்.”

கேட்க வேண்டியதையெல்லாம் இந்த முறை கேட்டே தீருவது என்று பைலைத் திறந்தேன். சிவப்பு மட்டைக்குள், நான் வைத்த இடத்திலேயே, முதல் தாளாக அது இருந்தது. வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கொஞ்சம் தேட வேண்டியிருந்திருந்தால், அதற்குள் நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.