புத்தகத்தில் இருந்த பட்டதாரி

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சமையல்கட்டையும் தாண்டிக் கடைசியில், சலவை அறை. அங்கே இஸ்திரி உருளைக்கு முன்னால் நின்றே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஆளாக்கி, கல்யாணமும் செய்து கொடுத்துவிட்டாள் ஒரு பெண்மணி. இஸ்திரியக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்புகள் ஈரம் மிச்சமிருக்க வந்து சேரும். இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து உருளைக்குள் விடவேண்டும். அந்தப் பக்கம் சூடாக வெளியே வருவதை மடிக்க இன்னொருத்தி நிற்பாள். விரிப்பு உள்ளே போகும்போது ஆவி குப்பென்று முகத்தில் அடிக்கும். வருஷக்கணக்காக அந்த ஆவியை விழுங்கி விழுங்கி அக்காவுக்கு இழுப்பு வந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். நெஞ்சு டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மருந்தால் ஆவது பாதிதான், மீதி அந்த அறையை விட்டு அவள் வெளியே வருவதில்தான் இருக்கிறது என்று.

வெளியே வர அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. வார்டு உதவியாள் வேலை. நோயாளிக்குத் தண்ணீர் கொடுப்பது, படுக்கை மாற்றுவது, சக்கர நாற்காலியைத் தள்ளுவது. அது கடவுளுக்கே செய்கிற வேலை மாதிரி என்று அவளுக்கு வெகுநாளாக ஓர் எண்ணம். ஆனால் புதிதாக வந்த தலைமை நர்ஸ் வேற்று தேசத்துக்காரர். இங்கிலீஷ் விட்டால் அவருக்கு வேறு பாஷை கிடையாது. ஆகவே நேர்முகத் தேர்வும் இங்கிலீஷில்தான்.

"போய்க் கத்துக்கோயேன். யாரு வேணாம்னா?" என்றார் வீட்டுக்காரர். அவர் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிறவர். மேலேயும் கீழேயும் போய் வந்தே ஆயுசில் பாதியைக் கழித்தவர். "நான்தான் இத்தனை வருஷமா மேல போறேன், மேல போறேன்னு போய்ட்டு கீழயே வந்து நிக்கிறேன். நீயாவது மேல போ."

பெரியவர்களுக்கான இங்கிலீஷ் வகுப்பு ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடந்தது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு என்பதால் முழங்கால் முட்டும். பஸ் டிரைவர் ஒருவர், வாட்ச்மேன் ஒருவர், தையல்காரப் பெண் ஒருத்தி என்று ஆளுக்கொரு தொழிலாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் எல்லாரையும்விட இளையவள். பகலில் ஒரு கம்பெனியில் போனில் பதில் சொல்லுகிற வேலை. அங்கே அவளைப் பழக்கிய முறையிலேயே இங்கேயும் பழக்கினாள். முதலில் வாய் பழகவேண்டும், அர்த்தம் அடுத்த வகுப்பில். வாய் கூசாமல் வந்துவிட்டால் பயம் போய்விடும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு அதுவரை பெரிதாகத் தப்பவும் இல்லை.

அந்த வாரம் படிப்பைப் பற்றிப் பேசுகிற பாடம். புத்தகத்தில் ஒரு பத்தி இருந்தது. டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதி, வரி வரியாகச் சொல்ல வைத்தாள். "வேலைக்குப் போற இடத்துல படிப்பைப் பத்திக் கேட்டா இப்படித்தான் சொல்லணும்" என்றாள். எல்லாரும் கோரஸாகச் சொன்னார்கள். இஸ்திரியக்காவுக்கு அது சட்டென்று பிடிபட்டது. காரணம் இருக்கிறது. அவளுடைய அம்மா சின்ன வயதில் ஒரு பழைய பிரார்த்தனையைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அது இன்றைக்கு யாரும் பேசாத பாஷையில் இருந்தது. ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. ஆனாலும் தினமும் கண் விழித்ததும் அதைச் சொல்லாமல் அவள் தரையில் கால் வைத்ததில்லை. கேட்கவேண்டியவருக்குப் புரியும் என்ற நம்பிக்கைதான். இங்கிலீஷ் பத்தியையும் அவள் அப்படியே நெஞ்சில் வாங்கிக்கொண்டாள். உருளைக்குள் விரிப்பு விடும்போதெல்லாம் அதையே முணுமுணுத்தாள்.

அடுத்த வகுப்புக்கு அவளால் போக முடியவில்லை. குழந்தைகள் வார்டில் வயிற்றுப்போக்கு பரவி, விரிப்புகள் மலையாகக் குவிந்துவிட்டன. சூப்பர்வைசர் யாரையும் நேரத்துக்கு வீட்டுக்கு விடவில்லை. அந்த வகுப்பில்தான் டீச்சர் அர்த்தம் சொல்லி, அவரவர் படிப்பை வைத்து அந்தப் பத்தியை மாற்றிச் சொல்லவேண்டும் என்றிருக்கிறாள். டிரைவர் அர்த்தத்தைக் கேட்டுவிட்டு, இந்த ரூம்ல இத்தனை பட்டதாரிங்க இருந்தும் ஒருத்தருக்கும் உருப்படியா வேலை இல்லையே என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம், மாற்றிச் சொல்ல மட்டும் யாரும் முன்வரவில்லையாம். அக்காவுக்கு இதெல்லாம் பிற்பாடுதான் தெரிந்தது. அதற்குள் நேர்முகத் தேர்வு வந்துவிட்டது.

தலைமை நர்ஸும் ஆபீஸ் மேனேஜரும் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். பெயர், வீடு, பிள்ளைகள் பற்றிக் கேட்டதற்கெல்லாம் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். பிறகு நர்ஸ் படிப்பைப் பற்றிக் கேட்டார். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு, பிரார்த்தனைக்கு நிற்கிற மாதிரி நின்று, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நர்ஸ் முகத்தில் மரியாதை கூடியதை அவள் கவனித்தாள். கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே கீழே இறங்கி வந்தாள்.

இரண்டொரு நாளில் மேனேஜர் கூப்பிட்டு விட்டார்.

"வேலை உங்களுக்குத்தான்மா. சர்டிபிகேட்டை மட்டும் கொண்டுவந்து காட்டிடுங்க."

"என்ன சர்டிபிகேட் சார்?"

"டிகிரி சர்டிபிகேட். காலேஜ்ல சரித்திரம் படிச்சுப் பட்டம் வாங்கினேன்னு சொன்னீங்களே. இவ்வளவு படிச்சுட்டு ஏம்மா இத்தனை நாள் இஸ்திரி போட்டீங்க?"

 அந்த அறையில் ஆவி இல்லை, ஆனாலும் அக்காவுக்கு மூச்சு முட்டியது. சரி சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து தெரிந்து ஒரு பொய் சொன்னதில்லை அவள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட நாளில்கூட, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பச் சம்மதித்ததில்லை.

மடிக்கிறவளுக்கு விஷயம் தெரிந்ததும் ஒரு வழி சொன்னாள். "வெள்ளத்துல போயிடுச்சுன்னு சொல்லிடுக்கா. ஊர்ல எத்தனை பேரோட சர்டிபிகேட் வெள்ளத்துல போயிருக்கு, உன்னோடது மட்டும் போகக் கூடாதா?"

"போறதுக்கு முதல்ல இருக்கணுமேடி" என்றாள் அக்கா.

வீட்டுக்காரர் கேட்டதும் முதலில் சிரித்தார். கல்யாணத் தேதியே ஞாபகம் இல்லாதவளுக்குச் சரித்திரத்தில் பட்டமா என்றார். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் அவரும் நிறுத்திக்கொண்டார். உண்மையைச் சொன்னால் புது வேலை போகும், ஏமாற்றினாள் என்று பழைய வேலையும் போகலாம். சொல்லாமல் வெள்ளத்தின் மேல் பழியைப் போட்டால், மூச்சாவது மிஞ்சும்.  "உனக்கு என்ன தோணுதோ செய்யி" என்றார் அவர். "எதுவானாலும் நான் இருக்கேன்."

மறுநாள் சாயங்காலம் அவள் வகுப்பு தொடங்கும் முன்பே போனாள். டீச்சர் அப்போதுதான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்துவிட்டது. துடைப்பானைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள்.

"அக்கா, இது என் தப்பு. நானே வந்து அவங்ககிட்டச் சொல்றேன்."

"வேணாம் டீச்சர். சொன்னது என் வாய். நானே சொல்லிடுறேன். எப்படிச் சொல்றதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

டீச்சர் பெரிய பெரிய வார்த்தைகளாகச் சில வாக்கியங்கள் அமைத்துக் கொடுத்தாள். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். "ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் சொல்லுங்க. அர்த்தம் தெரியாம இனிமே ஒண்ணையும் வாயில போட்டுக்க மாட்டேன்."

அன்றைக்குத்தான் டீச்சர் அவளிடம் அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டாள். நிஜமாகவே நீங்க எதுவரைக்கும் படிச்சீங்கக்கா? இத்தனை வாரமாகப் பாடம் நடத்தியும் அதைக் கேட்டதில்லை என்பது கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

அக்கா சொன்னாள். ஐந்தாம் வகுப்பு முடித்துத் தேறியிருந்தாள். அப்பா ஆறாம் வகுப்புப் புத்தகங்களை வாங்கி வந்து, ஒவ்வொன்றுக்கும் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, பெயர் ஒட்டி வைத்திருந்தார். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். கைக்குழந்தையாகத் தம்பி இருந்தான். புத்தகங்கள் அலமாரியிலேயே இருந்தன. அவ்வளவுதான் அவளுடைய படிப்பு. அதை நாலைந்து சின்ன வாக்கியங்களாக, அவளுக்குத் தெரிந்த சொற்களை வைத்தே இருவரும் கட்டினார்கள்.

காலையில் வழக்கமான பிரார்த்தனையைச் சொல்லிவிட்டு, அதற்கு மேல் தன் சொந்த பாஷையில் ஒரு வரி வேண்டிக்கொண்டாள். பயத்தில் நாக்கு புரண்டுவிடக் கூடாது என்று மட்டும்.

மேனேஜர்தான் முதலில் சீறினார். ஆஸ்பத்திரியை ஏமாற்றப் பார்த்தாயா என்றார். தலைமை நர்ஸ் கையைக் காட்டி அவரை அமர்த்தினார். அக்கா நின்றபடி, நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் சொன்னாள். கல்லூரி என்னுடையது இல்லை, புத்தகத்தினுடையது. நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா ஆறாம் வகுப்புப் புத்தகத்துக்கு அட்டை போட்டார். அம்மாவுக்கு நோய். நான் போகவில்லை.

தெரியாமலா அன்றைக்கு அத்தனை நன்றாகச் சொன்னாய் என்று நர்ஸ் கேட்டார். இதற்குப் பதில் படித்துக்கொண்டு வரவில்லை அவள்.  தெரிந்த சொற்களைத் தானாகச் சேர்த்துச் சொன்னாள். சத்தம் தெரியும். அர்த்தம் தெரியாது.

 அவளுக்குப் புரியவேண்டும் என்று நர்ஸ் மெதுவாகப் பேசினார். உன்னைப் பொய்க்காரி என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வார்டில் ஒரு நோயாளி வலிக்கிறது என்பான், தண்ணீர் கொடுக்காதே என்று நான் சொல்லுவேன். அர்த்தம் தெரியாமல் நீ சரி என்று தலையாட்டினால் என்ன ஆகும்?

அக்காவுக்கு அது முழுக்கப் புரிந்தது. கண் கலங்கினாலும் அது நியாயம் என்று மனசு ஒப்புக்கொண்டது. அந்த நோயாளியின் இடத்தில் படுக்கையில் கிடந்த தன் அம்மாவை நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. சரி என்று தலையாட்ட வந்தவள், அப்படியே நிறுத்தி, "எனக்குப் புரிந்தது" என்று இங்கிலீஷில் முழு வாக்கியமாகச் சொன்னாள்.

வார்டு வேலை வேறொருத்திக்குப் போனது. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது மறுபடி வா என்று நர்ஸ் சொன்னார். அதுவரை ஆவியில் நிற்கவேண்டாம் என்று, மேல்மாடியில் விரிப்புகளை அடுக்கி எண்ணிக் கொடுக்கும் அறைக்கு மாற்றினார். சம்பளம் அதேதான். அங்கே ஒரு ஜன்னல் இருந்தது. முதல் நாள் மாடி ஏறும்போது வழக்கம்போல் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். நாளுக்கு ஒரு தடவை ஏறினால் போதுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மீதியை ஏறினாள். இஸ்திரியக்கா என்ற பெயர் மட்டும் கூடவே மேலே வந்துவிட்டது.

வகுப்பில் அந்தப் பத்தி மறுபடி எழுதப்படவில்லை. டீச்சர் வெறும் கரும்பலகைக்கு முன்னால் நின்று, யார் எதுவரை படித்தீர்கள், உண்மையை மட்டும் சொல்லுங்கள், இங்கிலீஷ் நான் தருகிறேன் என்றாள்.  முதலில் அக்காதான் எழுந்து தன் வாக்கியங்களைச் சொன்னாள். டிரைவர் கேலி எதுவும் செய்யவில்லை.

"அந்தப் புத்தகமெல்லாம் என்னாச்சுக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்துட்டாரு எங்கப்பா. அட்டையோடயே குடுத்துட்டாரு. அது என் பேரு மேலயே அதோட பேரை ஒட்டிக்கிச்சு."

பின் பெஞ்சிலிருந்து வாட்ச்மேன் முழங்காலை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தார். "எனக்கு மூணாவது, டீச்சர்" என்றார். "அதை எப்படிச் சொல்லணும்?"