வில்லனுக்குத் தூவிய காகிதம்

இன்று தாம்பரத்தில் அந்த முகமூடி ஹீரோ படத்தைத் தமிழ் டப்பிங்கில் பார்த்தேன். அதே கதையின் காமிக்ஸ் புத்தகம் ஸ்டேஷன் வாசல் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. படித்துப் பார்க்க நேரமில்லாமல் மடியில் வைத்திருந்தேன்.

பக்கத்து சீட்காரர் ஹீரோ வரும்போது தூவுவதற்காக ஒரு முழு நாளிதழையும் கிழித்து வைத்திருந்தார்.

திரையில் கறுப்புக் கார் வந்து நின்றது. முதலில் ஷூ, பிறகு கோட்டு, கடைசியில் மெதுவாகத் திரும்பும் முகம். நம் ஊரில் அப்படி இறங்குகிறவர் ஹீரோதான். மனிதர் மொத்தக் காகிதத்தையும் வீசிவிட்டார்.

அடுத்த காட்சியில் கோட்டுக்காரர் ஒரு விஞ்ஞானியைச் சுட்டார்.

"இன்னா சார், இவன் வில்லனா?"

"ஆமாங்க. ஹீரோ இனிமேதான் வருவார்."

"அவனுக்கு இன்னா போட்றது? எல்லாம் பூட்ச்சே."

அதன்பிறகு இருவருமே படம் பார்க்கவில்லை. அவர் கண் என் மடியில், என் கை புத்தகத்தின் மேல்.

"ஒரே ஒரு பக்கம் குடு சார். வில்லனுக்குப் போட்டுட்டு ஹீரோவுக்குப் போடலன்னா நல்லாவா கீது?"

நியாயமாகத்தான் பட்டது. பின்னால் விளம்பரம் இருந்த தாளை இருட்டில் கிழித்துக் கொடுத்தேன். ஹீரோ பறந்து வந்தபோது அதுவும் பறந்தது.

திரும்பும் பஸ்ஸில் புத்தகத்தைப் படித்தால், வில்லன் மாடி விளிம்பில் தொங்கும்போது கதை நின்றுவிட்டது. முடிவு அந்த விளம்பரத்தின் மறுபக்கம் இருந்திருக்கிறது. படத்தில் முடிவை மாற்றிவிட்டார்கள், அதில் மாடியே வரவில்லை.

யாருக்காவது தெரிந்தால் சொல்லித் தொலையுங்கள். இல்லையென்றால் நாளைக்குப் போய் தியேட்டரைப் பெருக்குகிறவரைத்தான் கேட்க வேண்டும்.