வாலின் மேல் ஒரு விளக்கு, வாலின் கீழ் ஒரு விளக்கு

கடலைப் பார்ப்பதற்கு முன்பே ஆழ்கடல் மீனை அறுத்தவள் நான். எழுபதுகளின் கடைசியில் கீழக்குயில்குடியிலிருந்து டவுன் பஸ் பிடித்து மதுரையில் ஒரு கல்லூரிக்குப் போய் விலங்கியலில் எம்.ஃபில். படித்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் விவசாயம். மீன் என்றால் எங்களுக்குக் கண்மாய்க் கெண்டையும் அயிரையும்தான்.

என் நெறியாளர் ஒரு காலத்தில் ஆராய்ச்சிக் கப்பலில் அரபிக்கடலுக்குப் போய்வந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த விளக்கு மீன்கள் இரண்டு கண்ணாடிச் சாடிகளில் ஃபார்மலினில் கிடந்தன. ஒரே வலையில் வந்தவை. ஆனால் அவை இரண்டு வெவ்வேறு இனம் என்று அவர் கட்டுரை எழுதி, அது அச்சாகியும் இருந்தது. அந்த இரண்டின் உடலமைப்பையும் விவரித்து, படம் வரைந்து தருவதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். மழுங்கிய தலை, அதில் பாதியை அடைத்துக்கொண்டு கண். வலையில் உரசிச் செதில்கள் பெரும்பாலும் உதிர்ந்துபோயிருந்தன. வயிற்றோரமும் விலாவிலும் கடுகைவிடச் சிறிய புள்ளிகள் வரிசையாக இருந்தன. அவைதான் விளக்குகள். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றும் கறுப்பு விளிம்பு வைத்த குட்டிக் கிண்ணம். உள்ளே ஒளியைத் திருப்பியடிக்கும் வெள்ளிப் பூச்சு, வாசலில் லென்ஸ் போலத் தடித்த செதில். பகலில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் இருந்துவிட்டு, இருட்டியதும் மேலே வந்து கூனி இறால் போன்ற பொடி உயிர்களைத் தின்கிற மீன் இது. மேலிருந்து கசியும் மங்கல் வெளிச்சத்துக்குச் சமமாக வயிற்றை ஒளிரவிட்டால், கீழே காத்திருக்கும் பெரிய மீனுக்கு இதன் நிழல் தெரியாது.

புள்ளிகளை எண்ண எண்ண எனக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு சாடியிலும் அதே எண்ணிக்கை, அதே இடம். ஒரு சாடி மீனுக்கு வாலடியின் மேல்புறம் தனியாக ஒரு விளக்குப் பட்டை, மற்றச் சாடி மீனுக்குக் கீழ்ப்புறம். அந்த ஒன்றைத் தவிர வேறு வித்தியாசமே இல்லை. வயிற்றைத் திறந்தேன். மேலே விளக்கு உள்ளவை எல்லாம் ஆண். கீழே உள்ளவை எல்லாம் பெண். ரவையைவிடப் பொடியாக முட்டைகள். நூலகத்தில் ஒரு பழைய புத்தகம், இதன் உறவுக்கார மீன்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இப்படித்தான் மாறியிருக்கும் என்று தெளிவாகவே சொல்லியிருந்தது. சார் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் விட்டுவிட்டார்.

எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத் தாள்களை என் பக்கம் தள்ளினார்.

"இந்த அத்தியாயத்தை எடுத்துரும்மா."

"அறுத்துப் பாத்துட்டேன் சார். ரெண்டும் ஒரே இனம்தான்."

"நான் கப்பல்ல போயி அலையில கெடந்து பிடிச்சுட்டு வந்த மீனு. நீ கடலப் பாத்திருக்கியா?"

"இல்ல சார். மீனப் பாத்திருக்கேன்."

அவர் முகம் சிவந்தது. அதற்குப் பிறகு நுண்ணோக்கி அறையின் சாவி எனக்குக் கிடைக்கவில்லை. வேறொரு பெண் ஆய்வுக்கூடத்தில் இருக்கும்போது அவளோடு நுழைந்து, கிடைத்த நேரத்தில் படங்களை முடித்தேன். வீட்டில் அம்மா, "எம்புட்டு சோப்புப் போட்டாலும் ஒன்மேல அந்த மருந்து வாடை போக மாட்டேங்குதே. அவரு சொன்னபடி எழுதிக் குடுத்துட்டு வந்தா என்ன?" என்றாள். பொய்யாக எழுதச் சொல்கிறார் என்றேன். அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப எழுதாத" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அத்தியாயத்தை எடுக்காமலே தட்டச்சுக்குக் கொடுத்தேன். சார் கையெழுத்துப் போட மறுத்தார். தினமும் அவர் அறை வாசலில் போய் நின்றேன். பதினோராம் நாள், "வாய்மொழித் தேர்வுல அசிங்கப்படப் போற" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர். அந்த அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "உங்க சாரோட கட்டுரையத் தப்புன்னு சொல்றியா?" என்றார்.

"மீனு சொல்லுது சார்."

"எங்க, அறுத்துக் காட்டு."

அறுத்தேன். இரண்டு சாடியிலிருந்தும் அவரே பொறுக்கிக் கொடுத்த மீன்கள். ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்தவர், கடைசியில் நிமிர்ந்து என் நெறியாளரைத்தான் பார்த்தார். "நல்லா வேல வாங்கியிருக்கீங்க" என்றார். சார் தலையாட்டினார்.

தேர்ச்சி பெற்றேன். இரண்டு மாதம் கழித்து சார் கூப்பிட்டனுப்பினார். இதைக் கட்டுரையாக்கலாம், அவர் பெயரை முதலில் போட்டு, பழைய கட்டுரையை அவரே திருத்திக்கொண்டது போல, என்றார். போட்டால் முனைவர் படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் தருவார்.

"மாட்டேன் சார்" என்றேன்.

கடிதம் வரவில்லை. முனைவர் பட்டமும் வாங்கவில்லை. பெண்கள் கல்லூரி ஒன்றில் செய்முறை வகுப்பு எடுக்கும் வேலையில் சேர்ந்து, அதிலேயே ஓய்வும் பெற்றேன். அப்போது சரி என்று சொல்லியிருந்தால் எங்கேயோ போயிருப்பாய் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். போயிருக்கலாம். அந்த ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதியவர் என்று என் பெயர் மட்டும் இருக்கிறது. அதில் ஒரு வரியைக்கூட நான் மாற்றத் தயாரில்லை.