லென்ஸுக்குள் இல்லாத கோபுரம்

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு ஒரு கேமரா ஆசை வந்தது. கல்யாண வீட்டில் பிடிக்கிற கேமரா இல்லை. எட்டாத கிளையில் உட்கார்ந்திருக்கும் பிராணியைப் பக்கத்தில் இழுத்துக் காட்டுகிற ஜூம் கேமரா. இராஜபாளையத்தில் நூல் மில்லில் ஷிப்டு பார்க்கிறவன், அதுவும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இப்படி ஓர் ஆசையை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆசைக்குக் காரணம் மலை அணில். வார விடுமுறை அன்று சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குப் போவேன். மாந்தோப்பும் புளியமரங்களுமாக இருக்கும். சாம்பல் நிறத்தில், பூனை பருமனில், அந்த அணில் கிளைக்குக் கிளை தாவும். தாவும்போது வால் பின்னாலேயே தனியாகப் பறந்து வருவதுபோல் இருக்கும். ஒருமுறை மில் கேண்டீனில் இதைச் சொல்லப் பார்த்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. கையை விரித்து அளவு மட்டும் காட்டினேன்.

"அண்ணாச்சி கொரங்கப் பாத்துட்டு வந்து அணிலுங்காரு" என்றான் ஒருவன். டீ புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார்கள்.

ஒரு போட்டோ இருந்தால் பேச வேண்டியதில்லையே என்று அப்போதுதான் தோன்றியது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. அதன் உரிமையாளருக்கு என் வயதுதான் இருக்கும். அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து வரும்போதெல்லாம் கேமராக்கள் கொண்டுவருவார், அவை கண்ணாடி அலமாரியில் இருக்கும். நான் வாசலில் சைக்கிளை நிறுத்தி, செயின் கழன்றதுபோல் குனிந்து, அலமாரியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவேன். உள்ளே போக வெட்கம். கடைசியில் இதை என் மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

"எத்தன நாளைக்குத்தான் வெளிய நின்னு செயின மாட்டுவீங்க? வாங்க, நான் பேசுதேன்" என்றாள்.

அவள் பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டுகிற வேலை பார்த்தாள். யாரிடமும் பேசத் தயங்க மாட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

ஸ்டுடியோக்காரர் இரண்டு கேமராக்களை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். ஒன்று பிலிம் போடுவது, முன்னால் நீளமான ஜூம் லென்ஸ். இன்னொன்று செங்கல்போலக் கனமாக, பின்பக்கம் சின்ன டிவி மாதிரி ஒரு திரையோடு இருந்தது.

"இது டிஜிட்டல், மதினி. இதுல பிலிமே கெடையாது. படம் பூரா இந்த பிளாப்பித் தட்டுல போய் உக்காந்துக்கிடும்."

"பிலிம் இல்லாம எப்படிண்ணே படம் விழும்? எங்களப் பாத்தா ஏமாந்தவங்க மாதிரியா தெரியுது?"

அவர் சிரித்துக்கொண்டே அவளை நோக்கிக் கேமராவைத் தூக்கினார். உள்ளே ஏதோ கரகரவென்று சுற்றியது. திரையைத் திருப்பிக் காட்டினார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆத்தி! இப்பத்தானே நின்னேன். அதுக்குள்ள உள்ள போயிட்டேனா?"

எனக்கும் தூக்கிவாரிப்போட்டது. கழுவாமல், காயவைக்காமல், அவள் அங்கே சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர். விற்கிற அவசரத்தில் எதையும் மறைக்கவில்லை. "இதுல ரெண்டு ஜூம் இருக்கு அண்ணாச்சி. கண்ணாடி நகந்து இழுக்குது பாருங்க, அதுதான் நெசம். அதுக்கு மேல போனா டிஜிட்டல் ஜூமுன்னு போட்டிருப்பான். அது இருக்கிற படத்தையே ஊதிப் பெருசாக்குறது. அணிலு கிட்ட வராது, புள்ளி புள்ளியா உப்பும். அத நம்பி வாங்கிராதீங்க. வெயில்ல இந்தத் திரையும் தெரியாது. பேட்டரி பொசுக்குன்னு போயிரும். காட்டுக்குப் பிலிமுதான் சரி."

பிறகு பிலிம் கேமராவுக்கு வேண்டியதை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நீள லென்ஸைக் கையில் பிடித்தால் ஆடும் என்பதால் மூன்று கால் ஸ்டாண்டு. வெயில் நேராக அடிக்காமல் இருக்க லென்ஸுக்கு ஒரு முகமூடி. கீறல் விழாமல் காக்க முன்னால் மாட்டுகிற கண்ணாடி. தூறல் விழுந்தால் மூட ஓர் உறை. எல்லாவற்றையும் போட ஒரு பை.

"கேமராவ விட அதோட பிள்ளகுட்டி ஜாஸ்தியா இருக்கே" என்றாள் என் மனைவி.

"வாங்குறதுக்கு முன்னால பாத்து வாங்கணும். வாங்க" என்று அவர் லென்ஸை மாட்டி என்னை வாசல்படிக்குக் கூட்டிப்போனார். எதிரே கோயில் கோபுரம். அந்த ஊரில் எங்கே நின்றாலும் தெரிகிற கோபுரம். "மேல் நிலையில புறா உக்காந்திருக்கும். இந்த வளையத்தத் திருப்புங்க. புறாவோட கண்ணு தெரியணும். தெரிஞ்சா லென்ஸ் சுத்தம்."

கேமராவை எப்படிப் பிடிப்பார்கள் என்று கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதேபோல் இடது கண்ணை மூடி, வலது கண்ணை வைத்தேன்.

கோபுரம் இல்லை.

நனைந்த பேண்டேஜ் துணி வழியாகப் பார்த்ததுபோல் ஒரே சாம்பல். ஓர் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். வளையத்தை இந்தப் பக்கம் திருப்பினேன். அந்தப் பக்கம் திருப்பினேன். சாம்பல் அசையவே இல்லை. அத்தனை பெரிய கோபுரத்தைத் தேடிப் பிடிக்கத் தெரியவில்லையே என்று எனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது.

"தெரியுதா?"

"தெரியல" என்றேன் மெதுவாக.

அவர் வாங்கி, மூடி கழன்றிருக்கிறதா என்று பார்த்தார். ஊதித் துடைத்துக் கொடுத்தார். தெரியவில்லை. உள்ளே போய் வேறொரு லென்ஸை மாட்டிக்கொண்டு வந்தார். அதிலும் தெரியவில்லை. இரண்டும் பழுது என்றுதான் நான் நினைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அண்ணாச்சி, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருங்க. தப்பில்ல. லென்ஸக் குத்தம் சொல்லாதீங்க."

"இங்க கொண்டாங்க" என்று என் மனைவி கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்தாள். வளையத்தைக் கொஞ்ச நேரம் திருப்பினாள். "ஆத்தி... காரை வெடிச்சிருக்கது கூடத் தெரியுதுண்ணே. புறா ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு கழுத்தச் சிலுப்பிக்கிட்டு நிக்கி."

கேமராவை இறக்கினாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அவள் கேமராவைப் படியில் வைத்துவிட்டு என் அருகில் வந்து, தன் உள்ளங்கையால் என் இடது கண்ணைப் பொத்தினாள். கையில் பேண்டேஜ் துணியின் வெளுப்புக்கார வாடை அடித்தது.

"இப்ப எதிர என்ன தெரியுது?"

ரத வீதியே போய்விட்டது. சைக்கிள்களும், பூக்கடையும், போகிற வருகிற ஆட்களும் இல்லை. சத்தம் மட்டும் இருந்தது.

"கைய எடு" என்றேன்.

அவள் எடுக்கவில்லை. "நான் தெரியுதேனா?"

"சேல கலரு தெரியுது."

"மொகம்?"

ஒரு முழ தூரத்தில் நிற்கிறாள். கையை நீட்டி அவள் கன்னத்தைத் தடவித் தேடினேன். அவள் என் கண்ணிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

ஸ்டுடியோக்காரர் ஸ்டூலைக் கொண்டுவந்து என்னை உட்கார வைத்தார். ஒரு கலர் சோடா வாங்கி உடைத்துக் கொடுத்தார். "நான் ஒண்ணும் மனசுல வச்சுச் சொல்லல அண்ணாச்சி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கலரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தேன். எப்போது போனது? அதுதான் என்னை உலுக்கியது. ஒரு பல் விழுந்தால் தெரிகிறது. செருப்பில் ஓர் ஆணி ஏறினால் தெரிகிறது. ஒரு கண் போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இடது கண் சத்தமில்லாமல் இரண்டின் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

மில்லில் வருஷாவருஷம் கண் பார்ப்பார்களே என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். பார்ப்பார்கள். சுவரில் ஆங்கில எழுத்து அட்டை தொங்கும். எங்களில் பாதிப் பேருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். அதனால் எழுத்து தெரிந்தவன் முன்னால் போய்ப் படிப்பதைக் கேட்டு, வரிசையில் நிற்கிற நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். அட்டையை ஒருநாளும் மாற்றியதில்லை. ஈ, எஃப் பீ, டீ ஓ இசட் என்று எங்களுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். டீ குடிக்கும்போது பாட்டாகவே பாடுவோம். எந்தக் கண்ணைப் பொத்தச் சொன்னாலும் பொத்திக்கொண்டு ஒப்பிப்பேன். பார்க்கவே மாட்டேன், பார்த்து என்ன ஆகப்போகிறது என்று. 'நார்மல்' என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

அதைச் சொல்லி முடித்தபோது ஸ்டுடியோக்காரர் சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி என் வலப்பக்கம் உட்கார்ந்தாள். பாதி வழியில் திடீரென்று, "வாசல் நெலையில தோள இடிச்சுக்கிட்டே இருந்தீங்களே" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "டீய டம்ளருக்கு வெளிய ஊத்துனீங்க. நான் ஏசுனேன்" என்றாள். ஊர் வந்து இறங்கும்போது, "நான் வலப்பக்கமா வந்து நின்னா கவனிக்கவே மாட்டீங்க. எம்மேல கோவம்னுல்ல நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மதுரையில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணில் மருந்து விட்டு, இருட்டறையில் உட்கார வைத்து, வெகுநேரம் பார்த்தார்கள். டாக்டர் அம்மா சின்ன வயதுக்காரர். கண்ணுக்குள் பிரஷர் என்றார். வலது கண்ணில் நரம்பு பட்டுப்போயிற்று, அது இனித் திரும்பாது என்றார்.

"வலிக்கவே இல்லையேம்மா" என்றேன்.

"வலிச்சிருந்தா நீங்க முன்னாடியே வந்திருப்பீங்க. இது வலிக்காது. அதான் இதுல கஷ்டம்." பிறகு கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "இடது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. மருந்து விட்டா இப்ப இருக்கிறதைக் காப்பாத்தலாம். விடலைன்னா அதுவும் இதே மாதிரி சொல்லாமப் போயிரும். எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"கேமரா வாங்கப் போனோம்மா" என்றாள் என் மனைவி.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

காலையும் ராத்திரியும் சொட்டு மருந்து. என் மனைவிதான் விடுவாள். கண்ணைத் திறந்ததும் முதலில் எதிர்ச் சுவரில் காலண்டரைப் பார்ப்பேன். தேதி தெரிகிறதா, கீழே நல்ல நேரம் தெரிகிறதா. தெரிந்தால்தான் மூச்சு வரும். கேமராவை மறந்துவிட்டேன். மறந்துவிட்டதாக அவளிடம் சொல்லவும் செய்தேன்.

"நான் மறக்கல" என்றாள். "இருக்கிற கண்ணு இருக்கும்போதே பாத்துக்கிடுவோம். பொறவு என்னத்துக்கு?"

மறுபடி ஸ்டுடியோவுக்குப் போனோம். பிலிம் கேமராவை இடது கண்ணில் வைத்துப் பார்த்தேன். கோபுரம் வந்தது, புறாவும் வந்தது. ஆனால் மூக்கு கேமராவின் முதுகில் நசுங்கியது. பிலிம் சுற்றுகிற கம்பி ஒவ்வொரு தடவையும் நெற்றியில் குத்தியது. அதோடு, மிச்சமிருக்கிற ஒரே கண்ணை ஓர் ஓட்டைக்குள் கொண்டுபோய்ப் பூட்டுவதற்கு எனக்குப் பயமாக இருந்தது. டிஜிட்டலை வாங்காதீர்கள் என்று சொன்ன அதே ஸ்டுடியோக்காரர், அந்தச் செங்கல் கேமராவை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஒங்களுக்கு இதுதான் அண்ணாச்சி. ஓட்டையில கண்ண வைக்க வேண்டாம். தள்ளிப் பிடிச்சுத் திரையப் பாத்தாப் போதும். ஊதிப் பெருசாக்குற ஜூம நான் அணச்சு வச்சுத் தாரேன். அதத் தொடாதீங்க. பணத்த மாசாமாசம் தாங்க."

வெயிலில் திரை தெரியாது என்ற குறைக்கு என் மனைவி வழி கண்டாள். பேண்டேஜ் துணியில் கறுப்புச் சாயம் ஏற்றி, நாலு மடிப்பாக மடித்து, திரையைச் சுற்றிக் குழாய்போலத் தைத்து நாடா வைத்துக் கட்டினாள். மிச்சத் துணியை இலைப்பச்சையில் நனைத்து, இரண்டு பேரும் போர்த்திக்கொள்ள ஒரு போர்வை செய்தாள். ஒரு பேட்டரி உபரி. பிளாப்பிகள் நனையாமல் இருக்க டிபன் பாக்ஸில். ஸ்டாண்டு மட்டும் கடையில் வாங்கினோம்.

செண்பகத்தோப்புக்கு முதல்முறையாக அவளும் வந்தாள். புளியமரத்தடியில் ஸ்டாண்டை நிறுத்தி, பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். நான் எதிரே இருந்த மாமரத்தில் ஓர் அணில் கூட்டைக் கண்டு, அதற்கு நேராகக் கேமராவை வைத்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டில் அசைவே இல்லை. வெயில் ஏறியது. மாற்றிப் போட்ட உபரி பேட்டரியும் குறைகிறது என்று திரையின் மூலையில் ஒன்று விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது. இன்றைக்கு அவ்வளவுதான் என்று நான் ஸ்டாண்டைத் தளர்த்தப் போனேன்.

அவள் கை என் மோவாயைப் பிடித்தது. மெதுவாக, சத்தம் வராமல், என் முகத்தை வலப்பக்கம் திருப்பினாள்.

தாழ்ந்த கிளையில், எட்டினால் தொடுகிற தூரத்தில், அது உட்கார்ந்திருந்தது. முன்கால்களில் ஒரு புளியங்காயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கடித்துக்கொண்டிருந்தது. சாம்பல் வால் கிளைக்குக் கீழே தொங்கியது. புளியந்தோடு உதிர்ந்து என் வலது தோள்மேல் கிடந்தது. அசைந்தால் அது ஓடிவிடும் என்று பயந்தேன். கேமராவைத் திருப்பி அமுக்கினேன். உள்ளே கரகரவென்று சுற்றியது. அணில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, ஒரே தாவலில் மேலே போய்விட்டது. திரையில் ஒரு நொடி படம் தெரிந்தது, பேட்டரி தீர்ந்து அணைந்துவிட்டது.

"விழுந்துச்சா?" என்றாள்.

"விழுந்துச்சு." நான் அந்தக் கிளையை நிமிர்ந்து பார்த்தேன். "ஏட்டி, அது எம்புட்டு நேரமா அங்க இருந்துச்சு?"

அவள் என் தோளில் கிடந்த தோட்டைத் தட்டிவிட்டாள்.

"நாம வந்து உக்காந்ததுல இருந்தே அங்கதான் இருந்துச்சு" என்றாள். "திரையில நீங்க அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன்."