பாண் பாட்டும் கடைசி வீடும்

பிற்பகல் அஸர் பாங்கு ஓய்ந்த நேரத்தில்தான் மரணச் செய்தி வந்தது. பாடசாலை விட்டு வந்து சிலாபத்து வீட்டில் நான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கல்பிட்டியிலிருந்து மாமியின் அயலவர் ஹயாத்து முகம்மது தொலைபேசியில் பேசினார். "மாமி மௌத்தாப் போய்ட்டா, மகள்" என்றார்.

உம்மு குல்சூம் மாமி என் வாப்பாவின் தங்கை. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு கல்பிட்டிக்கு வந்தவர். களப்போர ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவின் கடைசிக் காணிதான் அவருக்குக் கிடைத்தது. அதன் பின்னால் ஒரு பள்ளம். ஒழுங்கையின் குப்பை முழுவதும் அதற்குள்தான் போனது. மாரி மழையில் களப்பின் உப்புநீர் ஏறினால், பிள்ளைகளின் பம்பஸும் மீன் செவுளும் மாமியின் அடுப்படிக் குசினிக்குள் மிதந்து வரும்.

யுத்தம் முடிந்து சில வருஷங்களாகியும் ஒருவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. "நாங்க ஊருக்குத் திரும்பிப் போறவங்கதானே" என்பார் முன்வீட்டு ஸுல்பிகா.

"போறவரைக்கும் மூக்கு எங்களோடதானே இரிக்கு" என்பார் மாமி.

பிரதேச சபைக்கு நடையாய் நடந்து, அவர் ஒரு குப்பை டிராக்டரை வரவழைத்தார். அது ஒரு நாள் விடியலில் வரும், ஒரு நாள் உச்சிவெயிலில் வரும். வந்தது தெரிவதற்குள் போய்விடும். கிடைத்த நாலைந்து பைகளிலும் சோறு, போத்தல், பொலித்தீன் எல்லாம் ஒன்றாய்க் குழைந்திருக்கும். பிரிக்காத குப்பையை ஏற்றக் கூடாதென்று சபையில் கட்டளை.

"ராத்தா, வெறும் பெட்டியோட போனா எனக்கு ஏச்சு" என்றார் சாரதி மிஹ்லார். "ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பாப்பாங்களாம். சரிவராட்டி இந்த ஒழுங்கைய விட்டுருவாங்க."

அந்த வருஷம் பெருநாள் கழிந்த கையோடு மாரி. மாமிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஹயாத்து முகம்மது அப்போது, பேக்கரி ரொட்டியான பாணைத் தெருத்தெருவாக விற்கும் வியாபாரத்தை விட்டிருந்தார். பேக்கரி மூடியதிலிருந்து அவருடைய பாண் ஓட்டோ முற்றத்தில் சும்மா நின்றது. பின்னால் கண்ணாடிப் பெட்டி, பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் "சூடான பாண்". டிராக்டருக்கு முன்னால் அதில் போய் வீடு வீடாகக் கூப்பிடலாம் என்பது மாமியின் எண்ணம்.

முதல் நாள் ஹயாத்து முகம்மது சாவியைத் திருப்பியதும், பாண் வந்ததை ஊருக்கு அறிவிக்கும் பழைய பாட்டு அலறியது. போட மறந்துபோகிறதென்று பாட்டையும் சாவியையும் ஒரே வயரில் கொடுத்து வைத்திருந்தார் மனுஷன்.

"நிப்பாட்டுங்க நானா!" என்று கத்தினார் மாமி.

"ஏலாது தங்கச்சி. பாட்டு நிண்டா வண்டியும் நிண்டுரும்."

ஒழுங்கை ஓடி வந்தது. சில்லறையோடு பிள்ளைகள், பாதி வாரிய தலையோடு பெண்கள். முதலில் வந்து நின்றவர் ஸுல்பிகா.

"மீன் வச்ச மாலு பாண் ரெண்டு தாங்க."

"பாண் இல்ல. மீன் சுத்தின பை இரிந்தா கொண்டு வா."

"காலங்காத்தால ஆசை காட்டி ஏமாத்துறீங்களா, குப்பை ராணி? அந்த எழுத்தையாவது அழிச்சிட்டு வாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மாமியின் முகம் சுண்டிப்போனது. பிறகு அவர் ஒழுங்கையை ஒரு முறை நீளமாகப் பார்த்தார்.

"நானா, பாருங்க. ஒரு வீடு மிச்சமில்லாம வெளியில நிக்கிது."

அதன் பிறகு பாட்டை நிறுத்தும் பேச்சே எழவில்லை. பாண் அடுக்கிய கண்ணாடித் தட்டுகளில் மாமி குப்பையில் வகைக்கொரு இடம் கொடுத்தார்: மேலே போத்தல், நடுவில் தகரப் பேணி, கீழே பொலித்தீன். எதை எங்கே போடுவதென்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சமையல் கழிவு வாளியோடு பின்னால் வரும் டிராக்டருக்குப் போனது. ஸுல்பிகா மட்டும் பத்துப் பன்னிரண்டு நாள் சன்னலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலை, கழுவிய யோகட் கோப்பைகளை அடுக்கி ஏந்திக்கொண்டு வந்தார்.

"குப்பை ராணிக்குச் சீதனம்!"

"இவ்வளவுதானா? மாப்பிள்ளை வீட்டுல ஏசுவாங்களே" என்றார் மாமி.

பெருநாளுக்கு முந்திய வாரம் டிராக்டரின் பெட்டி நிரம்பி வழிந்தது. "போதும் ராத்தா, டயர் மண்ணுக்குள்ள இறங்குது!" என்று மிஹ்லார் கத்தினார். சபை டிராக்டரை நிறுத்தவில்லை. அடுத்து வந்த வெள்ளிக்கிழமை ஒழுங்கையே இறங்கிப் பள்ளத்தைத் துப்புரவாக்கி மணல் நிரப்பியது.

அந்த மாரியில் நானும் அங்கிருந்தேன். களப்பு ஏறி வாசற்படி வரை வந்தது. மாமி சேலையைச் சற்றே தூக்கிக்கொண்டு இறங்கி, கணுக்கால் நனைய நின்றார்.

"வந்து பாருங்கடி! தண்ணி! வெறும் தண்ணி!"

ஒழுங்கைக்கே கேட்டது. பக்கத்து ஒழுங்கைக்காரர் மாரி முடியுமுன் வந்து, தங்களுக்கும் பாட்டு வேண்டும் என்றார்கள். பிறகு அதற்கடுத்த ஒழுங்கை. மௌத்தாகும் வாரம் வரை மாமி அந்த ஓட்டோவில்தான் காலையைக் கழித்தார்.

நான் கல்பிட்டி போய்ச் சேர்ந்த பிறகு, மாமியைக் கிடத்திய சந்தூக்கை வெளியே எடுக்கும்போது ஓட்டோ வாசற் படலைக்கு முன்னால் நின்றது. சாவி போட்டால் பாட்டு வந்துவிடும். ஹயாத்து முகம்மதும் மிஹ்லாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அதை மணலில் தள்ளிக்கொண்டு போய் ஓரமாக விட்டார்கள். தோள்கொடுக்க மூன்று ஒழுங்கைகளின் ஆட்களும் முந்திக்கொண்டார்கள்.

ஸுல்பிகா அன்று சொன்ன ஓட்டோவின் எழுத்தை அழிக்கவென்று மாமி போன மாதம் பச்சைப் பெயின்ற் வாங்கியிருந்தார். "சூடான" என்பதை அழித்திருக்கிறார். "பாண்" அப்படியே இருக்கிறது.